வீதியின் காப்புப்பூச்சும் அதன் ஆயுட் சோதனையும்

வீதியிற் செல்வோர் பலர். வீதியைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலர். சைக்கிளின் சில்லு பள்ளத்தில் விழும்போதும், பஸ் வண்டி குலுங்கும்போதும் மாத்திரமே அது நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வேளையில் நாம் வழங்கும் தீர்ப்பும் சுருக்கமானது: "தார் சரியில்லை." இத்தீர்ப்பு சில வேளை சரி, பல வேளை பிழை. புதிதாக இட்ட பூச்சொன்று எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதை, அது அழியும்வரை காத்திராது முன்னரே அறிய வழியுண்டா? கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றினும், பொதுப்பணமும் மனிதர் நலமும் அதனுடன் பிணைந்துள்ளன.

யான் தொழிலிற் புகுந்த ஆரம்ப காலத்திற் கிராம வீதியொன்றுக்குப் பூச்சிடும் வேலை நடைபெற்றது. மாரி தொடங்கச் சில நாட்களே இருந்தன. வந்திறங்கிய பீப்பாக்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, பொருள் தரமானதென்று சான்றெழுதி ஒப்பமிட்டவன் யானே. பத்து நாட்களின் பின் பெருமழை பெய்தது. பதித்த கற்கள் கழன்று வீதியோரம் குவிந்தன. வளைவொன்றில் அவ்வுதிரிக் கற்களிற் சறுக்கிய பள்ளி மாணவன் ஒருவன் சைக்கிளோடு விழுந்து கை முறிந்தான். எஞ்சிய மாதிரியை மீண்டும் சோதித்தோம். பொருள் தரமானதாகவே இருந்தது. யான் எழுதிய சான்று பொய்யன்று. ஆனால் அச்சோதனை விடையளித்த வினா வேறு. மழை எம்மிடம் கேட்ட வினா வேறு. ஒரு சோதனை தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு மாத்திரமே விடை தரும் என்னும் இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்புப்பூச்சு என்பது யாது?

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் பொதுவாகத் தார் என்று அழைக்கும் கரிய பொருள் இன்று பெரும்பாலும் தார் அன்று. நிலக்கரியைக் காற்றுப்படாது சூடாக்கும்போது கிடைப்பதே தார். பெற்றோலிய எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சுவது பிற்றுமன். அமெரிக்கர் இதனையே அஸ்பால்ற் என்பர். இன்றைய வீதிகளில் இடப்படுவது பிற்றுமனே.

கல்லும் கிறவலும் இட்டு இறுக்கிய தளத்தின்மேற் சூடான பிற்றுமனையோ, நீருடன் கலந்து குழம்பாக்கிய பிற்றுமனையோ ஒரே சீராகத் தெளிப்பர். அதன்மேல் ஓரளவான சல்லிக்கற்களைப் பரப்பி உருளை எந்திரத்தால் அழுத்துவர். இவ்வாறு அமைவதே காப்புப்பூச்சு. ஆங்கிலத்திற் சீல் கோட். இதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு கல்லின் உயரமே.

இத்துணை மெல்லிய பூச்சு லொறியின் பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவன கீழுள்ள அடுக்குகள். பூச்சின் கடமைகள் இரண்டு. மழைநீரைக் கீழே இறங்கவிடாது தடுத்தல் ஒன்று. சில்லுகளுக்குப் பிடி கொடுத்தல் மற்றொன்று. வீட்டின் கூரை சுவரைத் தாங்குவதில்லை. எனினும் கூரை ஒழுகத் தொடங்கினால் மண்சுவர் கரைந்துவிடும். வீதிக்கும் அவ்வாறே. பூச்சில் வெடிப்பு விழுந்து நீர் இறங்கினால், தளம் நனைந்து வலுவிழக்கும். அடுத்துச் செல்லும் பாரவண்டிகள் அதனைப் பள்ளமாக்கும். சிறு செலவிற் காக்கத்தக்க வீதியைப் பெருஞ் செலவில் மீண்டும் அமைக்க நேரும்.

பூச்சு அழியும் வழிகள்

காப்புப்பூச்சு ஒரே காரணத்தால் அழிவதில்லை. முதலாவது, பிற்றுமன் போதாமையினாலோ, கல்லிற் படிந்த தூசியினாலோ, கற்கள் பிடிப்பின்றிச் சில்லுகளால் வீசப்படுகின்றன. இரண்டாவது, முன்னர் ஒட்டியிருந்த கல்லுக்கும் பிற்றுமனுக்கும் இடையே நீர் நுழைந்து இரண்டையும் பிரிக்கின்றது. மூன்றாவது, பிற்றுமன் மிகுதியாக இடப்பட்டோ, கற்கள் மென்மையான தளத்துள் அமிழ்ந்தோ, கரிய பசை மேலே கசிந்து வீதி வழுக்குகின்றது. நான்காவது, கற்களே சில்லுகளால் தேய்ந்து பளபளப்பாகின்றன. ஐந்தாவது, பிற்றுமன் ஆண்டாண்டாகக் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து இறுகி, நெகிழ்ச்சி இழந்து வெடிக்கின்றது.

முதல் நான்கும் விபத்தும் நோயும் போன்றவை, ஐந்தாவது முதுமை. நன்றாக இட்ட பூச்சு முதுமையினாலேயே முடிவெய்தல் வேண்டும். இளமையில் அழியும் பூச்சு, இட்டவர் ஏதோ ஒன்றைக் கவனியாது விட்டமைக்குச் சாட்சியாகும். ஆகவே ஆயுளைச் சோதிப்பவர் இவ்வைந்து வழிகளையும் தனித்தனியே வினவுதல் வேண்டும்.

யான் அன்று செய்த சோதனை ஊசிச் சோதனை. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள பிற்றுமனில், 100 கிராம் பாரமேற்றிய ஊசியை 5 விநாடி இறங்கவிட்டு, இறங்கிய ஆழத்தை மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவில் எண்ணுவர். 80/100 எனப் பெயர்பெற்ற பிற்றுமனில் ஊசி 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை இறங்கும். இது பிற்றுமனின் மென்மையை அன்றைய நிலையில் அறிவிக்கும். கல்லிற் தூசி இருந்ததா, மழையில் ஒட்டுமா, பத்தாண்டின் பின் எவ்வாறிருக்கும் என்பவற்றை அது அறியாது.

அளவே முதற் சோதனை

பிற்றுமனை எவ்வளவு இடுதல் வேண்டும் என்பதை நெடுங்காலம் கைப்பழக்கத்தால் மதிப்பிட்டு வந்தனர். 1935ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தைச் சேர்ந்த எப். எம். ஹான்சன் என்னும் பொறியியலாளர் இதற்கு நெறியொன்று வகுத்தார். பரப்பிய கற்களுக்கிடையில் முதலில் ஏறத்தாழ 50 வீதம் வெற்றிடம் இருக்கும் என்றும், உருளை சென்றபின் அது 30 வீதமாகும் என்றும், வண்டிகள் பலகாலம் ஓடியபின் 20 வீதத்தில் நிலைபெறும் என்றும் அவர் கண்டார். கற்கள் ஈற்றிலே தத்தம் தட்டையான பக்கத்திற் கிடக்கும். ஆதலாற் பூச்சின் இறுதித் தடிப்பு, கற்களின் மிகக் குறுகிய அளவின் சராசரிக்குச் சமமாகும்.

ஓர் உதாரணம் காண்போம். அச்சராசரி 8 மில்லிமீற்றர் எனின், 1 சதுர மீற்றரிலுள்ள பூச்சின் கனவளவு 8 லீற்றர். அதில் 20 வீதம், அதாவது 1.6 லீற்றர், வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் மூன்றிலிரண்டு பங்களவு பிற்றுமனால் நிரம்பினாற் கல் பிடிபட்டிருக்கும்; அதன் முனையும் சில்லுக்கு வெளியே தெரியும். எனவே ஏறத்தாழ 1.1 லீற்றர் தேவை. பழைய வீதியின் சொரசொரப்பு, போக்குவரத்தின் அளவு ஆகியவற்றிற்கேற்ப இதனைச் சிறிது கூட்டியும் குறைத்தும் கொள்வர். மிகக் குறைந்தாற் கல் பறக்கும். மிக மிகுந்தால் வீதி வழுக்கும். ஆயுள் இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பாதையிற் செல்கின்றது.

எண்ணிய அளவுதான் வீதியில் விழுந்ததா என்பதை அறிய எளிய வழியுண்டு. அரை மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமும் உள்ள, முன்னரே நிறுத்த தட்டுக்களைத் தெளிப்பு வண்டி செல்லும் வழியிற் பல இடங்களில் வைத்து, வண்டி சென்றபின் மீண்டும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய உதாரணத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஏறத்தாழ 280 கிராம் சேர்ந்திருத்தல் வேண்டும். ஓரத்துத் தட்டிற் குறைந்தும் நடுத்தட்டில் மிகுந்தும் காணப்பட்டால், தெளிகுழாயின் வாயொன்று அடைபட்டுள்ளது எனக் கொள்ளலாம். ஒரு தராசும் சில தட்டுக்களும் செய்யும் இச்சோதனை, பின்னர் பெருஞ் செலவிற் செய்யும் ஆராய்ச்சிகள் பலவற்றைத் தவிர்க்கும்.

கல்லும் பிற்றுமனும் ஒட்டுமா?

பிரான்சு நாட்டிலே தோன்றி இன்று ஐரோப்பிய நியமங்களில் இடம்பெற்றுள்ள வியாலிட் தட்டுச் சோதனை இவ்வினாவுக்கு நேரடியாக விடையளிக்கின்றது. உருக்குத் தகட்டிற் பிற்றுமனைப் பூசி, அதில் 100 கற்களைப் பதித்து அழுத்துவர். பின்னர் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி முனைகளின்மேல் நிறுத்தி, ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையுள்ள உருக்குக் குண்டை 50 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து மும்முறை அதன் முதுகில் விழவிடுவர். எத்தனை கற்கள் விழுந்தன என எண்ணுவதோடு, விழுந்த கல்லில் பிற்றுமன் படிந்துள்ளதா என்றும் நோக்குவர். கறுப்புப் படிந்த கல், பிற்றுமனின் உள்வலிமை போதாமையைக் காட்டும். சுத்தமாக விழுந்த கல், ஒட்டவேயில்லை என்பதைக் காட்டும். கழுவிய கல்லையும் கழுவாத கல்லையும் இரு தகடுகளில் வைத்துப் பார்த்தவர், தூசியின் கொடுமையை ஒருபோதும் மறவார்.

நீரின் வலிமையை அறியப் பிற்றுமன் பூசிய கற்களை நீரில் அமிழ்த்தி வைத்து, எவ்வளவு பரப்பிற் பூச்சு நீங்குகின்றது என மதிப்பிடுவர். மெல்லிய கற்பொடியும் பிற்றுமன் குழம்பும் கலந்து இடும் பூச்சுக்கு வேறொரு சோதனை உண்டு. அதன் வட்டத் தட்டொன்றை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, நீருக்குள்ளேயே இறப்பர்க் குழாய்த் துண்டொன்றினால் ஏறத்தாழ 5 நிமிடம் தேய்த்து, இழந்த நிறையைக் கணிப்பர்.

நம் நாட்டவர்க்கு இப்பகுதி மிக நெருங்கிய தொடர்புடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தளம் சுண்ணாம்புக்கல்; பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி பழைமையான கடும்பாறை. சுண்ணாம்புக்கல் காரத்தன்மை உடையது. பிற்றுமன் அதனை நன்றாகப் பற்றும்; ஆனால் சில்லுகளால் விரைவிற் தேய்ந்து மழையில் வழுக்கும். சிலிக்கா மிகுந்த கடும்பாறை தேய்வதற்கு இலகுவில் இடங்கொடாது. ஆனால் அதன் மேற்பரப்பு பிற்றுமனைவிட நீரையே விரும்பும். ஒன்றின் பலம் மற்றொன்றின் பலவீனமாக அமைந்துள்ளது. கடும்பாறைச் சல்லியைக் கழுவி உலர்த்துவதும், மெல்லிய பிற்றுமன் பூச்சை முன்னரே கொடுப்பதும், ஒட்டுதலை மிகுவிக்கும் இரசாயனப் பொருளைச் சேர்ப்பதும் இதற்குப் பரிகாரமாகும். எமது கிராம வீதியிற் கற்கள் கழன்றமைக்குக் காரணம் இவ்விடத்திலேயே இருந்தது. சல்லி தூசி படிந்தது. உலர்ந்து இறுகப் போதிய நாட்களும் கிடைக்கவில்லை.

ஆண்டுகளை நாட்களாகச் சுருக்குதல்

இனி முதுமையைச் சோதிக்கும் முறையைக் காண்போம். பத்தாண்டில் நிகழ்வதைப் பத்து நாளிற் காணவேண்டின், நிகழ்ச்சியை விரைவுபடுத்தல் வேண்டும். வெப்பநிலை 10 பாகை உயரும்போது இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்னும் பொதுவிதியை மாணவர் அறிவர். ஆனால் விரைவு வேண்டுமென்று வெப்பத்தை எல்லையின்றி ஏற்றினால், வீதியில் ஒருபோதும் ஆவியாகாத கூறுகள் ஆவியாகும். தாக்கத்தின் போக்கும் மாறும். அப்பொழுது நாம் காண்பது முதுமையன்று, வேறொரு மரணம்.

கலிபோர்னியாவில் பிரான்சிஸ் ஹ்வீம் என்பாரும் அவர் துணைவரும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையிற் கண்ணாடிப் போத்தல்களில் 35 கிராம் பிற்றுமன் இட்டு, 163 பாகை வெப்பமுள்ள அடுப்பிற் சுழலவிடுவர். இன்றைய நியமப்படி இது 85 நிமிடம் நடைபெறும். சிறந்த சோதனையே. ஆயினும் அது காட்டுவது, கல்லுடன் சூடாகக் கலக்கும் ஆலையில் அந்தச் சிறுபொழுதில் ஏற்படும் இறுக்கத்தை. வீதியில் ஆண்டுகள் கழிந்தபின் ஏற்படுவதை அன்று.

காப்புப்பூச்சுகளையே பெரிதும் நம்பி நெடுந்தூர வீதிகளை அமைத்த நாடு அவுஸ்திரேலியா. அந்நாட்டு வீதி ஆராய்ச்சிச் சபையில் டிக்கின்சன் என்பாரும் அவர் வழிவந்தோரும் பூச்சுக்கென்றே ஆயுட் சோதனையொன்றை உருவாக்கினர். கண்ணாடிப் போத்தல்களின் உட்சுவரிற் பிற்றுமனை மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்கு தடிப்பிற் படலமாகப் பரப்புவர். இது தலைமயிரின் தடிப்பிலும் குறைந்தது. அதனை 100 பாகை வெப்பமுள்ள அடுப்பில் வைத்து, இடையிடையே எடுத்து 45 பாகையில் அதன் பிசுக்குமையை அளப்பர். குறித்த ஓர் எல்லையை அது எட்டுவதற்குச் சென்ற நாட்களின் தொகையே அப்பிற்றுமனின் ஆயுளெண். தொடக்கத்தில் ஊசிச் சோதனையில் ஒரே விடை தந்த இரு பிற்றுமன்கள், தாம் பிறந்த எண்ணெயும் வடித்த முறையும் வேறாயிருந்தால், இச்சோதனையில் வேறு வேறு ஆயுளெண் பெறக்கூடும்.

இவ்வெண்ணை நேராக ஆண்டாக மாற்ற முயல்வது தவறு. வீதியின் சராசரி வெப்பம் 40 பாகை எனக் கொண்டால், அடுப்பு அதனிலும் 60 பாகை மிகுந்தது. மேற்கூறிய பொதுவிதிப்படி வேகம் 64 மடங்கு. ஆயுளெண் 9 நாள் எனின், வீதியில் 576 நாள் என்று கணக்கு வரும். இரண்டாண்டுக்கும் குறைவு. ஆனால் நன்றாக இட்ட பூச்சுகள் அதனிலும் மிக நீண்டகாலம் வாழக் காண்கிறோம். ஏன்? வீதியிற் பிற்றுமன் தடித்துள்ளது; கல் அதற்கு நிழலாகின்றது; ஒட்சிசன் மேற்புறத்திலிருந்து மெல்ல மெல்லவே உட்புகும். எனவே அடுப்பின் நாட்களை வீதியின் ஆண்டுகளுடன் பொருத்த, வீதியையே சோதனைச் சாலையாக்குதல் இன்றியமையாதது.

வீதியே பரீட்சகர்

அவுஸ்திரேலியர் அதனையே செய்தனர். பல இடங்களிற் சோதனைப் பகுதிகளை அமைத்து, இடையிடையே பூச்சிலிருந்து பிற்றுமனைப் பிரித்தெடுத்து அளந்தனர். இறுக்கம் முதலாண்டுகளில் விரைந்தும் பின்னர் தளர்ந்தும் செல்வதையும், அதன் போக்கு ஆண்டுகளின் வர்க்கமூலத்தை ஒட்டியிருப்பதையும் கண்டனர். வெப்பம் மிகுந்த இடத்தில் இறுக்கம் விரைவாகும்; பெரிய கல்லிட்ட பூச்சில், பிற்றுமன் தடிப்பாக இருப்பதால், அது தாமதமாகும். மேலும், குளிரான இரவுகளிலேயே இறுகிய பிற்றுமன் பெரிதும் வெடிக்கும். வெப்பநாட்டிற் பிற்றுமன் விரைவாக இறுகினும், கடுங்குளிர் இல்லாமையால் அதிக இறுக்கத்தையும் தாங்கும். ஆகவே ஒரு நாட்டில் வகுத்த எல்லையை மற்றொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளல் பொருந்தாது.

சோதனைப் பகுதி அமைப்போர் சில நெறிகளை வழுவாது காத்தல் வேண்டும். புதிய பொருளிட்ட பகுதிக்கு அருகிலேயே, குணமறிந்த பழைய பொருளிட்ட பகுதியும் இருத்தல் வேண்டும். இரண்டின்மேலும் அதே வண்டிகளே ஓடவேண்டும். ஒப்பிடுவதற்கு ஒன்றில்லாத சோதனை வெறும் கதை. கல்லின் அளவு, தெளித்த அளவு, அன்றைய வெயில், மழை ஆகிய யாவும் அன்றே குறிக்கப்படல் வேண்டும். ஐந்தாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பு பயன்படாது.

ஆண்டுதோறும் அளப்பதற்கும் எளிய முறையுண்டு. 50 மில்லிலீற்றர் உலர்மணலை வீதியிற் கொட்டி, கல்லிடுக்குகள் நிரம்பும்படி வட்டமாகப் பரப்புதல் வேண்டும். வட்டத்தின் விட்டம் 18 சென்ரிமீற்றர் எனின், இடுக்குகளின் சராசரி ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அடுத்த ஆண்டுகளில் அதே மணல் 30 சென்ரிமீற்றர் விட்டத்துக்குப் பரவினால், ஆழம் 0.7 மில்லிமீற்றராகக் குறைந்துள்ளது எனலாம். கற்கள் அமிழ்கின்றன அல்லது பிற்றுமன் மேலெழுகின்றது. கண்ணுக்குப் புலப்படுமுன்னரே மணல் அதனைச் சொல்லிவிடும்.

நமக்குரிய பாடம்

நமது வடபகுதியில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையுள்ள மாதங்களிலேயே பெய்கின்றது. பூச்சிடும் வேலையைக் கோடையில் முடித்து, வண்டிகளின் பாரத்தாற் கற்கள் பதிந்து உறுதிபெற்றபின் மாரியை எதிர்கொள்ளச் செய்வதே அறிவுடைமை. கணக்காண்டு முடியுமுன் பணத்தைச் செலவிடும் அவசரத்திற் கார்த்திகை மழைக்குள் இட்ட பூச்சை, எந்த உயர்தரப் பிற்றுமனும் காத்துவிடாது. கல்லைக் கழுவும் நீரும், தராசும், தட்டும், மணலும் எந்த ஊரிலும் கிடைக்கும். இவற்றை நாள்தோறும் பயன்படுத்தும் பொறுமையே அரிதாக உள்ளது.

இன்று சான்றொன்றில் ஒப்பமிடுமுன் யான் என்னையே ஒரு வினாக் கேட்பதுண்டு: "இச்சோதனை எதனைக் கேட்டது? எதனைக் கேளாமல் விட்டது?" அன்று கை முறிந்து விழுந்த சிறுவன் கற்பித்த பாடம் அது. எந்தத் துறையிற் புகினும் நம் கல்லூரி மாணவர்க்கு அது பயன்படும் என நம்புகின்றேன். பரீட்சையிற் பெற்ற புள்ளி, அன்று கேட்ட வினாவுக்குரிய விடை மாத்திரமே. வெயிலும் மழையும் கேட்கும் வினாக்கள் பின்னரே வருகின்றன. அவற்றுக்கும் விடைகூறத்தக்க மாந்தரை உருவாக்கும் பணியில் நம் கல்லூரி என்றும் சிறந்து விளங்குவதாக!